கடைசிப் பாத்தியும் கடைசி பஸ்ஸும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் உரமூட்டையோடு ஊர் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என் மகள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சுவரில் சினிமா போஸ்டருக்கும் மூல வைத்திய விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத் தருகிறோம், பீஸ் கிடையாது, வயதும் படிப்பும் தடையில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். 'யார் வேண்டுமானாலும்' என்ற இடத்தில் அவள் விரலை வைத்து அழுத்தினாள். அதே விரலால் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

மகளுக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் போனது. திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் படியேறிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடு, உட்கார்ந்த இடத்தில் பிழைத்துக்கொள்வாள். மனுப் போட்டு மிஷினும் வந்தது. அவள் அதன்மேல் தன் துணிகளை மடித்து வைத்தாளே தவிர, ஒரு நாள்கூட நூல் கோக்கவில்லை. பள்ளியில் கடைசி வருஷம் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நாம் எழுதிப் போடுகிற கட்டளையை அது அப்படியே செய்யும் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. அந்த வேலைக்குத்தான் போவேன் என்று எங்களிடம் எழுதியே காட்டிவிட்டாள். அது நடக்காவிட்டால் தையல் மிஷின்தான் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். பெரம்பலூருக்கு மேற்கே சின்ன வெங்காயம் போடுகிறவன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. கடைக்குப் போனால் சாமானைக் கை காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மகளோடு கையால் பேசிப் பேசி அது இன்னும் கூடிப்போனது என்று என் மனைவி சொல்வாள். அதனால் அந்தத் தாளில் இருந்த விலாசத்துக்கு, பாத்திரக்கடை மாடிக்கு, மகள்தான் முன்னால் ஏறினாள். நான் உரமூட்டையைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

மேலே நீளமான ஒரு அறை. பழைய கம்ப்யூட்டர்கள் ஆறோ ஏழோ இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாடி வைத்த ஒருவர் எழுந்து வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் ரொம்ப வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. யாருக்கு? உங்களுக்கா, பாப்பாவுக்கா?"

எனக்கா என்றும் ஒருவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகளைக் காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் மகள் மேஜை மேலிருந்த தாளை இழுத்து எழுதிவிட்டாள்: 'எனக்கு. காது கேட்காது. வாசிப்பேன், எழுதுவேன்.'

பாய் அதை வாசித்துவிட்டுத் தாடியைத் தடவினார். ஓரத்தில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் அவர். செல்போன் வந்து பூத்துகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம் அது.

"காது கேக்கலன்னா என்ன பாய்? கம்ப்யூட்டருக்கும்தான் கேக்காது. நான் ஒரு வாரமா அத என்னென்னமோ திட்டுறேன், அது பாட்டுக்கு இருக்குது. ரெண்டும் நல்லா ஒத்துப்போகும். என் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

அப்படித்தான் அவள் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் ஒன்றுக்கு இரண்டு பேர். ஒருவர் கை கீபோர்டில் இருந்தால் மற்றவர் கை மடியில் இருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று யோசித்துச் சொல்வது அவர் வேலை. பாதிப் பாடத்தில் இடம் மாற வேண்டும். நன்றாகத் தெரிந்தவர் கீபோர்டைப் பிடுங்கினால் பாய்க்குக் கோபம் வரும். பாலிடெக்னிக்கில் பேப்பர் நின்றுபோனவர்களும், குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிற பெண்ணும், பூத்துக்காரரும் அங்கே ஒரே வரிசைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, பஸ் கிடைக்கிற நேரத்தில் விட்டுவிடுவார்கள்.

"புள்ளைய தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள் மனைவி. "பின்னாடி பஸ் ஆரன் அடிச்சாக்கூட அவளுக்குத் தெரியாது. நீங்க கூடப் போங்க."

"வெங்காயம்?"

"வெங்காயத்த நான் ஆயறேன். அப்பனும் மவளும் கம்ப்யூட்டர் கத்துட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடுங்க."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் மத்தியானம் எங்கள் இருவருக்கும் தூக்குவாளியில் சோறு கட்டிவைத்திருந்தாள்.

ஒரு வாரத்துக்குள்ளேயே மகள் தடுமாறினாள். பள்ளியில் டீச்சர்கள் கையாலும் பேசுவார்கள். இங்கே பாடம் முழுக்க வாயால் நடந்தது. உதட்டைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால் பாயின் தாடி மறைத்தது. அதை அவள் எழுதிக் காட்டியபோது, "மீசையத்தான் ஒட்ட வெட்டியிருக்கேனேம்மா, இன்னும் என்ன செய்யச் சொல்ற?" என்று அவர் நொந்துகொண்டார். எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் பார்த்தார். பாடம் ஆமை மாதிரி நகர்ந்தது, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கையைத் தொட்டபோது இழுத்துக்கொண்டாள்.

அந்த வகுப்பில் இன்னொரு பழக்கம் இருந்தது. பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். புரிந்ததென்று அவர் சொன்னால்தான் பாடம் முடிந்த கணக்கு. வீட்டில், தெருவில், டீக்கடையில் யாருக்காவது சொல்லிவிட்டு வாருங்கள் என்பார் பாய். வருகிறவர்கள் பாதிப் பேர் சொல்லாமலே சொன்னேன் என்பார்கள்.

"ஒண்ணுந் தெரியாதவருக்கு எங்க பாய் போறது?" என்றார் பூத்துக்காரர் ஒரு நாள். சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தவர் கடைசி பெஞ்சில் இருந்த என்மேல் கண்ணை நிறுத்தினார். "மாமா, உங்களுக்கு இதுல ஏதாச்சும் தெரியுமா?"

"ஒண்ணுந் தெரியாதுங்க."

"பாய், ஆள் கெடச்சுட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. மகள் என்ன நடந்தது என்று கேட்டாள். இவர்கள் எனக்குப் பாடம் சொல்லப்போகிறார்களாம் என்று கையால் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்டுக்கொள், எனக்குச் சொல் என்று காட்டினாள். நான் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அந்த வகுப்பின் தெரியாதவன் நான்தான். ஒவ்வொரு ஜோடியாக வந்து என் முன்னால் உட்காருவார்கள். முதலில் எது சொன்னாலும் தலையாட்டினேன். பாய் கண்டுபிடித்துவிட்டார்.

"சும்மா தலையாட்டாதீங்கண்ணே. புரியலன்னா புரியலன்னு வாயத் தொறந்து சொல்லணும். உங்களுக்கு இங்க அதான் வேல."

பத்துப் பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்வது எனக்குக் கிணறு வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை சொன்னபோது குரல் எனக்கே கேட்கவில்லை. பாலிடெக்னிக் பையன்களில் ஒருவன், "நாலு தடவ சொல்லிட்டேங்க" என்று அலுத்துக்கொண்டான். மகள் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாந் தடவயும் சொல்லுங்க தம்பி" என்றேன். சொன்னான். அந்தத் தடவை அவன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, வேரியபிள் என்பதை அடுப்படி டப்பாக்களை வைத்துச் சொன்னான். சீரகம் என்று சீட்டு ஒட்டிய டப்பா, உள்ளே இன்றைக்குச் சீரகம் இருக்கும், நாளைக்குக் கடுகு இருக்கும், கம்ப்யூட்டர் பார்ப்பது சீட்டை மட்டும்தான். எனக்குப் புரிந்துவிட்டது. அவனும் அப்போதுதான் தனக்கும் புரிந்தது என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குப் புரிந்ததை மகளுக்குக் கையால் சொன்னேன். எங்கள் வீட்டுக்கென்று ஒரு கை பாஷை உண்டு. அவள் பள்ளியில் கற்றது வேறு. இது அவள் தவழ்ந்த காலத்திலிருந்து எங்கள் மூவருக்குள் சேர்ந்தது. அதில் கம்ப்யூட்டருக்கு ஒரு வார்த்தையும் கிடையாது. ஒவ்வொன்றாக உண்டாக்கினோம். டப்பாவுக்கு உள்ளங்கையைக் குழித்து நெற்றியில் சீட்டு ஒட்டுவது போலத் தொட்டோம். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்பதற்கு, மழை வருமா என்று கையை நீட்டி வானத்தைப் பார்க்கிற எங்கள் பழைய சாடையையே வைத்துக்கொண்டோம்.

அப்புறம் லூப் என்று ஒன்று வந்தது. ஒரே வேலையை வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. பூத்துக்காரர் எனக்கு அதைக் கோயில் பிரகாரம் சுற்றுவதை வைத்துச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுற்றி வந்தால் அதே இடம்தானே வரும்? பிறகு நானாகவே, "பாத்திக்குத் தண்ணி கட்டுற மாதிரியாங்க?" என்று கேட்டேன். வெங்காயப் பாத்திக்கு ஒரு மடையைத் திறப்போம், நிறைந்ததும் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டு அடுத்த மடையைத் திறப்போம், இப்படியே கடைசி வரைக்கும் போவோம். பாய் மேஜையைத் தட்டினார். "மாஷா அல்லாஹ்! அதேதான்ணே."

மகளுக்கு அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மண்வெட்டியால் மடை வெட்டுவது போல வலது கை, அடைப்பது போல இடது கை, ஒரு அடி தள்ளி மறுபடியும். அவள் பாதியிலேயே என் கையைத் தட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற வேலை அது.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஜோடியாக உட்கார்ந்ததால் பூத்துக்காரரும் எங்கள் சாடைகளைக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கரண்ட் போன நேரங்களில் அந்த அறையில் சத்தமே இல்லாமல் பாடம் நடக்கும். கீழே பாத்திரக்கடைக்காரர் மேலே வந்து, எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்.

வருஷம் திரும்புகிற சமயத்தில் பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். திருச்சியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார். ஆள் வேண்டுமாம். டிகிரி கேட்கமாட்டார், எழுதிக் காட்டச் சொல்வார். சரியாக எழுதினால் வேலை. மகள் அதை போர்டில் வாசித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் கண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பயிற்சிக்காக பாய் ஒரு வேலை கொடுத்தார். பெரம்பலூரிலிருந்து புறப்படும் பஸ் நேரங்களைக் கொடுத்தால், புரோகிராம் அவற்றை ஒழுங்குபடுத்தி ஊர்வாரியாகக் காட்ட வேண்டும். எல்லோரும் எழுதி முடித்ததும் பாய் தன்னிடமிருந்த வேறு நேரங்களைப் போட்டுப் பார்ப்பார். மகள்தான் முதலில் முடித்தாள். பாய் போட்டுப் பார்த்தார். அரியலூர் பஸ்ஸெல்லாம் வந்தன. துறையூர் பஸ்ஸெல்லாம் வந்தன. ஒவ்வொரு ஊருக்கும் கடைசி பஸ்ஸை மட்டும் காணோம்.

"என்ன புள்ள இது?" என்றார் பூத்துக்காரர். "கடைசி பஸ்ஸ நம்பி நிக்கிறவன் கதி என்னாவறது? விடிய விடிய பஸ் ஸ்டாண்டுல கொசுக்கடியா?"

அவள் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். கடைசி பஸ் வந்தது. அடுத்த வேலையில் மாணவர்கள் பெயர். கடைசி மாணவன் வரவில்லை. மறுபடியும் ஒரு வரி சேர்த்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. பெரிய புரோகிராமில் பல இடத்தில் லூப் வந்தபோது எந்த இடத்தில் வரி சேர்ப்பது என்று தெரியாமல் எல்லாம் சிக்கிக்கொண்டது.

பாய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதினார்: 'நீ ஒட்டுப் போடுகிறாய். எங்கே கிழிகிறது என்று பார்க்கவில்லை.' பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்தத் தடவ பாப்பாவ அனுப்பல. ஒரு தடவ தப்புன்னா சரி, எழுதுற ஒவ்வொண்ணுலயுமா? அங்க போயி இப்படி எழுதினா, காது கேக்காத பொண்ணு, அதான்னு ஒரே பேச்சா முடிச்சுடுவாங்க. அடுத்த வருசம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் அவளுக்குக் கையால் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து ஒருமுறை, பாயைப் பார்த்து ஒருமுறை, விடமாட்டேன் என்று கையை வீசிக் காட்டினாள். எனக்கு அது மட்டும்தான் தெம்பாக இருந்தது. வீட்டில் மனைவி இதைக் கேட்டதும், "அப்ப மிஷின தொடச்சு வைக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் வயலுக்குப் போனேன். மகளும் வந்தாள். வரப்பில் உட்கார்ந்து, தாளில் எழுதிய புரோகிராமை முழங்காலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை மடையாகத் திறந்துகொண்டு வந்தேன். கடைசிக்கு முந்திய பாத்தி நிறைய ஆரம்பித்ததும் வழக்கம்போலப் போய் மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டாள்.

கடைசிப் பாத்திக்கு எதற்கு மோட்டார்? வாய்க்காலில் நிற்கிற தண்ணீரே வழிந்து போய் அதை நிரப்பிவிடும். அதற்கும் சேர்த்து மோட்டார் ஓடினால் தண்ணீர் அடுத்தவன் கொல்லைக்குத்தான் போகும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது இதுதான். அவளுக்கும் தெரியாததல்ல. இதே வேலையை அவளே எத்தனையோ நாள் செய்திருக்கிறாள். நான் கையால் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய்க்காலில் இறங்கி ஓடினாள். கடைசிப் பாத்தியின் மடையில் நின்றுகொண்டு, வந்து சேரும் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாளைச் சேற்றுக் கையால் பிடித்து வரிக்கு வரி காட்டினாள். கடைசி வந்ததும் நிறுத்து என்றுதான் அவள் ஒவ்வொரு லூப்பிலும் எழுதியிருந்தாள். கடைசியையும் செய்துவிட்டு நிறுத்து என்று எழுதவே இல்லை. கடைசிப் பாத்தி தானாக நிறைந்துவிடும் என்று அவள் கை நினைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் வாய்க்கால் கிடையாது, மிச்சத் தண்ணீரும் கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் வரை அவள் பொறுக்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டோம். பாத்திரக்கடை அப்போதுதான் திறந்தது. எல்லோரும் வந்து சேர்ந்ததும் அவள் போர்டுக்குப் போய்ப் பாத்திகளை வரைந்தாள், கிணறு வரைந்தாள், மோட்டார் பக்கத்தில் என்னைக் குச்சி மாதிரி வரைந்தாள். கடைசிப் பாத்திக்கு முன்னால் மோட்டாரை நிறுத்துவதைச் செய்து காட்டினாள். பிறகு அந்தக் கடைசிப் பாத்திக்குள் ஒரு பஸ் வரைந்தாள்.

அறையே சிரித்தது. குடியானவன் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். எல்லோருக்கும் அது தெரிந்த வேலை.

"அப்ப குத்தவாளி மாமாதான்" என்றார் பூத்துக்காரர். "கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு ஊர்ல பாதிப் பஸ்ஸ நிறுத்திப்புட்டாரு."

பாய் மட்டும் சிரிக்காமல் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். புதிதாக ஒரு வேலையைக் கொடுத்தார். அவள் எழுதினாள். அவர் தன்னிடமிருந்ததைப் போட்டுப் பார்த்தார். இன்னொன்று கொடுத்தார். மாலை வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எதுவும் விடுபடவில்லை. போகும்போது அவள் தாளை வாங்கி எழுதினார்: 'திருச்சிக்கு வருகிறாய்.' அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. நான் வரமாட்டேன் என்று எப்போது சொன்னேன் என்று கையால் கேட்டாள். அதை நான் அவருக்கு வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

திருச்சிக்கு மகளும் பூத்துக்காரரும் சேர்த்து நான்கு பேர் போனார்கள், துணைக்கு நான். தில்லைநகர் பக்கம் ஒரு மாடி. கம்பெனிக்காரர் கண்ணாடி போட்டவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். காலையில் நான்கு பேரையும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்து வேலை கொடுத்தார். ஜோடி கிடையாது. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மகள் அவ்வப்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் பூத்துக்காரர் ஊன்றுகோலோடு வெளியே வந்தார்.

"எனக்கு ஆச்சு மாமா. இங்க புரோகிராம் வாங்கினவங்க போன் பண்ணிக் கேக்கறதுக்குப் பதில் சொல்லணுமாம், கூட கொஞ்சம் எழுதணுமாம். உங்க பொண்ணு எழுதினதுல ஒரு குத்தமும் இல்லயாம். ஆனா ஆளு யோசிக்கிறாரு. உங்களக் கூப்புடுறாரு."

உள்ளே போனேன். மகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர் எழுந்து எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க சார். பொண்ணு நல்லா எழுதியிருக்காங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா இங்க நாள் பூரா ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுப் பேசித்தான் வேல நடக்கும். அவங்களுக்கு இது சரிப்படுமா? ஹாஸ்டல்ல தனியா இருந்துக்குவாங்களா? கோவம் கீவம் வருமா?"

மகளுக்காகப் பதில் சொல்லியே எனக்குப் பழக்கம். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளியில், எங்கே போனாலும் அவளைப் பற்றி என்னைத்தான் கேட்பார்கள். வாய் வராத நான் அவளுக்காக மட்டும் எப்படியோ பேசிவிடுவேன். அன்றைக்கும் பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் பக்கம் எப்போது திரும்புவார் என்று.

"என்னையக் கேக்காதீங்க சார்" என்றேன். "வேலைக்கு வந்தது அவ. அவளக் கேளுங்க."

"இல்ல, அவங்களுக்குக் காது..."

"எழுதிக் கேளுங்க. அவ எழுதுவா. நான் வெளிய இருக்கேன்."

நான் உட்காரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். தாள் அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் வந்தது. ஒரு தடவை அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு தடவை அவள் மேஜையைக் கையால் தட்டிக் காட்டினாள். பூத்துக்காரர் டீ குடிக்கக் கீழே போய்விட்டார். எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை.

கடைசியில் கம்பெனிக்காரர் கதவைத் திறந்து கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். தாளை என் பக்கம் திருப்பினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

'போன் வந்தால் என்ன செய்வீர்கள்?' அதற்குக் கீழே அவள் எழுத்து: 'மற்றவர்கள் எடுப்பார்கள். நான் புரோகிராம் எழுத வந்திருக்கிறேன்.'

'அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால்?' 'மேஜையைத் தட்டுங்கள். அதிர்வது கையில் தெரியும்.'

'மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறேன். சரிவந்தால் தொடரலாம்.' அதற்குக் கீழே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தாள்: 'ஆறு மாதம் வேண்டும். என் வேலை எப்படி என்று பார்க்க மூன்று மாதம் போதும். என்னோடு பேச நீங்கள் பழக அது போதாது.'

"பாருங்க சார்" என்றார் அவர். "வேல கேட்டு வந்தவங்க எனக்கு டைம் குடுக்கறாங்க."

"அவ அப்படித்தாங்க" என்றேன்.

அவர் மூன்றை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். எழுதிய தாளை அவள் பக்கம் வைத்தார், என் பக்கம் இல்லை. அவள் அதை வாசித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள். என்று வர வேண்டும், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குள் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் அங்கே நிற்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. படியிறங்கிக் கீழே வந்தேன்.

டீக்கடை பெஞ்சில் பூத்துக்காரர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா ஆச்சு?"

"ஆறு மாசம்" என்றேன்.

"என்னமோ ஜெயில் தண்டன மாதிரி சொல்றீங்க? ஆச்சா, இல்லையா?"

"வேல கெடச்சிருச்சு. எம் மவளுக்கு வேல கெடச்சிருச்சு" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்ன வேலை என்று கேட்டார். புரோகிராம் எழுதுகிற வேலை என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். பெஞ்சில் உட்கார்ந்து, முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.